ஆறாவது பங்காளி

முதலில் மூக்கு வந்தது. அப்புறம் முன்பற்கள் வந்தன. அதற்கு மேல் கவிநிலாவால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, கையைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டு நின்றாள். லேசர் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. அது தட்டத் தட்ட, ஒரு முழு எலி மூக்கிலிருந்து வாலை நோக்கிக் கோடு கோடாகத் திரையில் முளைத்துக்கொண்டு வந்தது. இந்த வேகத்தில் மூளை வர இன்னும் அரை மணி நேரம் ஆகும். ஈரல் வர மதியச் சாப்பாடு தாண்டும். அதற்குள் இவள் பத்து விரல் நகத்தையும் தின்று முடித்துவிடுவாள்.

குளிரறைக் கதவைத் திறந்துகொண்டு ஹாரூன் வந்தான். குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக ஊட்டிக்குப் போய் வந்தவன்போல் இருந்தான். உறைந்துபோன எலியை மூக்கிலிருந்து வால் வரைக்கும் முடியைவிட மெலிசான ஒரே ஏடாகச் சீவி எடுப்பது அவன் வேலை. கோயமுத்தூரில் இதைச் செய்ய வேறு கை கிடையாது.

"இன்னிக்கு வெட்டுனதுல ஒரு குறை சொல்ல முடியாது நிலா. நேந்திரம் சிப்ஸ்கூட இவ்வளவு மெலிசா சீவ மாட்டாங்க."

"எனக்கு நகமெல்லாம் தீந்துபோச்சுங்ண்ணா. நீங்க சிப்ஸு கதை பேசறீங்க."

"அவரு வந்துட்டாரா?"

கவிநிலா கண்ணாடிக் கதவுக்கு வெளியே கை காட்டினாள். சென்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலை ஈரமாக இருந்தது. வெளியே ஐப்பசி மழை பெய்தாலும் அது மழை ஈரமல்ல. அவர் காலையிலேயே தலை முழுகிவிட்டு வந்திருந்தார்.

காரணம் இருந்தது. கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த சென்னியப்பனுக்கு நரம்புகளின் மேலிருக்கும் கொழுப்பு உறை கரைந்துகொண்டே வந்தது. முதலில் கால் மரத்தது, பிறகு விரல்கள். அந்த உறையைத் திரும்பப் பூசக்கூடிய ஒரு மருந்து வந்திருந்தது. அதுவும் ஒருவகைக் கொழுப்புதான். அது நரம்புக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க, உயிரோடிருக்கும் மனிதனைச் சீவ முடியாது. அதனால் அவர் ரத்தத்திலிருந்து வளர்த்த செல்களை ஏழு எலிக்குஞ்சுகளுக்கு ஏற்றினார்கள். வளர்ந்தபோது அவற்றின் நரம்பில் பாதிக்கு மேல் சென்னியப்பன்தான் இருந்தார். அவர் இடுப்பில் கட்டியிருந்த சின்னப் பம்ப் எந்த மருந்தைச் செலுத்தியதோ, கூண்டுகளில் இருந்த பம்புகளும் அதையே எலிகளுக்குச் செலுத்தின. ஆய்வகத்தில் அவற்றுக்கு இணை எலிகள் என்று பெயர். சென்னியப்பன் அதைக் கேட்ட நிமிடமே மாற்றிவிட்டார்.

"எம்பட நரம்பு அதுங்க ஒடம்புல ஓடுதுன்னா அப்பறம் என்னங்க ஒறவு? பங்காளிதானுங்க."

பங்காளி செத்தால் தலை முழுக வேண்டும். ஒவ்வொரு எலியை வெட்டும் நாளிலும் அவர் முழுகினார். முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஐந்து முறை முழுகியாயிற்று. ஐந்து எலிகளிலும் மருந்து மொத்தமும் ஈரலில் குவிந்து கிடந்தது. நரம்புக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

இன்றைக்கு ஆறாவது. ஆறிலும் ஒன்றும் இல்லையென்றால் சிகிச்சையை நிறுத்திவிட வேண்டும் என்பது வெளிநாட்டிலிருந்த தலைமையகத்தின் விதி. குவியும் மருந்து ஈரலைக் கெடுத்துவிடும் என்பதால் அது நியாயமான விதிதான். நியாயமாக இருந்து என்ன செய்ய? அவருக்கு வேறு மருந்து கிடையாது.

நோயாளிகள் படத்தைப் பார்க்கக் கூடாது என்று இன்னொரு விதியும் இருந்தது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஈரத் தலையோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் வேலை செய்ய கவிநிலாவால் ஆகவில்லை. கதவைத் திறந்து, "உள்ள வந்து உக்காருங்ண்ணா" என்றாள். அவரும் அவர் மனைவி சுகன்யாவும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல் வந்தார்கள்.

"இதுதானுங்களா படம்?" சுகன்யா திரையை உற்றுப் பார்த்தாள். "மூக்கு மட்டுந்தான் இருக்குது."

"மெல்லத்தான் வருமுங்க்கா. லேசர் ஒரு புள்ளியத் தொட்டா அந்த எடத்துல இருக்கற கொழுப்பெல்லாம் எகிறும். மெஷின் அதை எடை போடும். ஒடம்புல நூத்துக்கணக்குல கொழுப்பு இருக்குதுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடை. எடையை வெச்சு இன்ன கொழுப்புன்னு கண்டுபிடிச்சு ஒரு நெறம் குடுக்கும். அப்பறம் அடுத்த புள்ளி."

"நம்ம மருந்து என்ன நெறமுங்க?"

"மஞ்சள்."

"நல்ல நெறந்தான்" என்றாள் சுகன்யா, புடவை எடுக்க வந்தவள்போல.

சென்னியப்பன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் அந்தக் கைகள் சும்மா இருக்காது. இரும்பைத் தடவிப் பார்த்தே வழவழப்பு போதுமா என்று சொல்லுவாராம். இப்போது டம்ளர் விழுந்தால்தான் கையை விட்டு நழுவியது தெரியும்.

மூளை வர ஆரம்பித்தது. நீல நிறத்தில் முதல் சில கோடுகள். ஐந்து தடவையும் இதே நீலம்தான். கவிநிலா மூச்சை விட்டாள். அடுத்த கோடு. அதற்கடுத்த கோடு. நீலத்துக்கு நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி.

"தூசியா இருக்கும்" என்றான் ஹாரூன், யாரும் கேட்காமலேயே.

அடுத்த கோட்டில் மூன்று புள்ளிகள். அதற்கடுத்த கோட்டில் எண்ண முடியவில்லை. புள்ளிகள் நூலாயின. நூல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, மூளையின் நடுவில் நரம்புகள் கத்தையாக ஓடும் இடம் முழுக்க மஞ்சளாகக் கிளம்பி வந்தது. கவிநிலாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, சத்தம் வரவில்லை. அவள் சார்பில் ஹாரூன் கத்தினான்.

"மேடம்! மேடம்! ஓடியாங்க!"

டாக்டர் ஜெயசீலி கையில் தயிர்சாத ஸ்பூனோடு ஓடி வந்தார். இந்த ஆய்வகத்தின் தலைவி. நாகர்கோவில்காரர். இருபது வருடம் கோவையில் இருந்தும் பேச்சில் ஊர் போகவில்லை. வந்த வேகத்தில் நோயாளி உள்ளே இருப்பதைப் பார்த்துக் கவிநிலாவை முறைத்தார். பிறகு திரையைப் பார்த்தார். முறைத்ததை மறந்துவிட்டார்.

"எம் மாதாவே" என்றார். ஸ்பூனிலிருந்த தயிர் தரையில் சொட்டியது.

அதற்கப்புறம் அந்த அறை உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடக்கும் டீக்கடை மாதிரி ஆகிவிட்டது. கழுத்து வந்தது, மஞ்சள். முதுகுத் தண்டு வந்தது, இழுத்துக் கட்டிய பூச்சரம்போல், வந்த நீளம் முழுக்க மஞ்சள். ஒவ்வொரு கோட்டுக்கும் சுகன்யா "வருது வருது" என்றாள். ஹாரூன் குல்லாயைக் கழற்றிச் சுழற்றினான். யாரும் சாப்பிடப் போகவில்லை. கடைசியில் ஈரல் வரும் இடம் நெருங்கியபோது அறை சட்டென்று அமைதியானது. ஐந்து எலிகளிலும் மருந்தைத் தின்ற இடம் அது.

ஈரல் வந்தது. நீலமாக, சாதுவாக, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சளோடு.

கவிநிலா சுகன்யாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். சுகன்யா அழுதாள். சென்னியப்பன் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. "ஆறாவது பங்காளி காப்பாத்திப்போட்டானுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' சொல்லத்தான் எல்லோருக்கும் ஆசை. ஜெயசீலி சொல்லவில்லை. தலைமையகத்தை அழைத்துப் படத்தைக் காட்டினார். அங்கேயும் ஆரவாரமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் சிரித்துக்கொண்டே கேட்ட கேள்வி ஒன்றுதான். ஐந்தில் வராதது ஆறில் எப்படி வந்தது? தெரியவில்லையா? அப்படியானால் நாளைக்கே ஏழாவதை வெட்டுங்கள். அதிலும் இதேபோல் வந்தால் சிகிச்சை தொடரும். வராவிட்டால் ஆறாவது ஏதோ தவறு என்று தள்ளிவிடுவோம். விதி என்னவென்றால், ஒரே மூலத்திலிருந்து, அதாவது ஒரே நோயாளியின் செல்களிலிருந்து, இரண்டு சாட்சி வேண்டும்.

அழைப்பு முடிந்தது. சென்னியப்பன் எழுந்தார். "அப்ப நாளைக்கும் தலை முழுகோணும்" என்றார்.

அவர்கள் வெளியே போய் உட்கார்ந்ததும் கவிநிலா படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து பார்த்தாள். ஏன் வந்தது? ஏன் வந்தது? மூளையைப் பார்த்தாள், தண்டைப் பார்த்தாள், ஈரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் அழகாக இருந்ததே தவிர ஒன்றும் பதில் சொல்லவில்லை. எரிச்சலில் படத்தை மூக்குக்குத் தள்ளினாள். அங்கே, காலையில் மூக்குக்கு அடுத்ததாக வந்து, யாரும் திரும்பிப் பார்க்காத முன்பல் இருந்தது.

எலியின் முன்பல் வளர்வதை நிறுத்துவதே இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய அடுக்கு சேரும். அன்றைக்கு ரத்தத்தில் என்ன ஓடியதோ அதில் கொஞ்சம் அந்த அடுக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பல் முழுக்க மஞ்சள் வரிகள், புரோட்டா அடுக்கு மாதிரி நெருக்கமாக. ஓர் இடத்தில் மட்டும் வரி இல்லை. சுத்தமாக ஒரு வெள்ளை அடுக்கு. அதற்குப் பிறகு மறுபடி மஞ்சள்.

"ஹாரூன்ணா, ஒரு நாள் இதுக்கு மருந்தே போகலீங்க."

"அதெப்படி? பம்ப் நிக்கவே நிக்காதே. அதுக்கு நிறுத்தற பட்டனே கெடையாது. எல்லாம் அங்கேருந்து பூட்டி வெச்சிருக்காங்க."

அது உண்மைதான். மருந்து ஒரு நொடிகூட நிற்கக் கூடாது என்பது இந்தச் சிகிச்சையின் முதல் விதி. கவிநிலா பல்லின் நுனியை விட்டு வேரிலிருந்து வரிகளைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனாள். தீபாவளியைத் தாண்டினாள். அதற்கு முந்தைய வாரங்களைத் தாண்டினாள். வெள்ளை அடுக்கு வந்த இடத்தில் விரலை வைத்துவிட்டு நாட்காட்டியைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

ஆயுத பூசை.

கோயமுத்தூரில் ஆயுத பூசையன்று பொட்டு வைக்காத இயந்திரம் ஒன்று உண்டென்றால் அது இன்னும் கடையில் விற்காமல் இருக்கிறது என்று அர்த்தம். ஆய்வகத்திலும் பூசை போட்டார்கள். லேசருக்கு, குளிர்ப்பெட்டிக்கு, தராசுக்கு, காபி மெஷினுக்கு. சந்தனம் குழைத்தவள் கவிநிலா. வைத்தவளும் அவளே. முதல் ஐந்து எலிகளை அதற்கு முன்பே வெட்டியாகிவிட்டது; ஆறாவதும் ஏழாவதும்தான் மிச்சம். எலிக்கூண்டுப் பம்பின் முகப்பில், சரியாக நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சின்னக் கண்ணாடி வட்டம் இருக்கும். பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல் இருந்தது. வைத்தாள், நல்ல தாராளமாக. மறுநாள் காலையில் ஈரத் துணியால் துடைத்துவிட்டாள்.

அந்த வட்டம்தான் பம்பின் கண். குழாயில் காற்றுக் குமிழி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்றும் தெரியாவிட்டால் குமிழி என்று நினைத்து நின்றுவிடும்.

அவள் ஓடினாள். ஜெயசீலியின் அறைக் கதவைத் தட்டவும் மறந்துவிட்டாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். ஜெயசீலி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நான் அன்னைக்கு என்ன சொன்னேன்? பூசை போடுங்க, பொரி குடுங்க, நானும் தின்னுதேன், ஆனா மெஷினைத் தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க மேடம்."

"அலாரம் அடிச்சிருக்கணுமே?"

"எலிங்க மெரளுதுன்னு அலாரத்தை நாமதான் அணைச்சு வெச்சிருக்கோம்."

ஜெயசீலி திட்டுவதற்கு வாயைத் திறந்தார். பாதியில் நிறுத்தினார். எழுந்து சன்னலருகே போனார், திரும்பி வந்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்ததைக் கவிநிலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மக்ளே," என்றார், குரல் தணிந்து, "வாசல்ல ஓயாம தட்டிட்டே இருந்தா வாட்ச்மேன் தூங்குவானா? ஈரல்தான் வாட்ச்மேன். நாம விடாம மருந்தை அனுப்பினோம், அவன் விடாமப் பிடிச்சு உள்ள போட்டுக்கிட்டான். ஒரு நாள் சத்தம் இல்ல. அவன் கண்ணசந்துட்டான். மறுநாள் வந்த மருந்து அவனைத் தாண்டிப் போயிருக்கு! ரெண்டு வருசமா மூணு நாட்டுல, பம்ப் நிக்கவே கூடாது, நிக்கவே கூடாதுன்னு..." சொல்லிக்கொண்டே சிரித்தார், கண்ணில் நீர் வந்தது. "ஒரு சந்தனப் பொட்டு!"

"மேடம், ஏழாவதுக்கு நான் சந்தனம் வைக்கல."

"என்னது?"

"அங்க வர்றப்ப சந்தனம் தீந்துபோச்சுங்க. ஓரமா துளி குங்குமம் மட்டும் வெச்சேன். அது நிக்கவேயில்ல. நாளைக்கு அதை வெட்டுனா ஈரல்தான் மஞ்சளா வரும். ஆறாவதைத் தூக்கிப் போட்டுருவாங்க. அண்ணனுக்கு மருந்தை நிறுத்திருவாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது.

"அவங்ககிட்ட உண்மையைச் சொன்னா உன் பேரு போயிரும். தெரியும்லா?"

"போகட்டுமுங்க. பங்காளியும் போயி, மருந்தும் போயி, எம்பட பேரு மட்டும் இருந்து என்ன பண்றது?"

ஜெயசீலி கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு அழைப்பை மறுபடி போட்டார். சொன்னது முழுவதும் கவிநிலாதான். பொட்டு என்றால் என்ன என்று விளக்கவே கொஞ்சம் நேரம் பிடித்தது. ஒருங்கிணைப்பாளர் அம்மாள் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அவர் கேட்டார்: அந்த வெள்ளை அடுக்கு உங்கள் லேசரின் கோளாறாக ஏன் இருக்கக் கூடாது? பழைய படங்கள் வேண்டாம்; மருந்து நிற்காமல் போன ஓர் உடம்பிலிருந்து எதையாவது எடுத்து, இன்றே இதே லேசரில் காட்டுங்கள். அதில் வெள்ளை வராவிட்டால் உங்களை நம்புகிறேன். இல்லாவிட்டால் நாளைக் காலை ஏழாவதை வெட்ட வேண்டும்.

"மருந்து நிக்காமப் போன உடம்பு" என்று கவிநிலா திரும்பச் சொன்னாள். பல் வேண்டாம். வளர்ந்துகொண்டே இருக்கும் எதுவும் போதும். அவள் வெளியே ஓடினாள்.

"ஏனுங்ண்ணா, மீசையில ஒரு முடி வேணுமுங்க."

சென்னியப்பன் திடுக்கிட்டு மீசையைப் பொத்திக்கொண்டார். "எதுக்குங்க அம்மிணி?"

"உங்க பம்ப்பும் பூட்டின பம்ப்தான். மருந்து நிக்காம உங்க முடியில ஏறியிருக்கும். அதைக் காட்டுனா ஏழாவதை வெட்ட வேண்டியதில்லீங்க."

அவர் என்னவோ சொல்ல வந்தார். "வேண்டாமுங்களே..." என்று இழுத்தார். சுகன்யா விடவில்லை. "ஒரு மசுருக்கு இத்தனை ரோசனையா? நீங்க புடுங்குங்க அம்மிணி" என்றாள். கவிநிலா வேரோடு ஒன்றைப் பிடுங்கினாள். ஹாரூன் அதை நீளவாக்கில் சீவித் தட்டில் ஒட்டினான். இவ்வளவு சின்னது என்பதால் மெஷின் சீக்கிரமே வரைந்துவிட்டது.

"இதென்ன?" ஜெயசீலி திரையில் விரலை வைத்தார். "சரியா வாரத்துக்கு ஒரு பட்டை, செவப்பா?"

கவிநிலா எடையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆட்டுக் கொழுப்புங்க மேடம். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம."

சுகன்யா மெதுவாகத் திரும்பினாள். "மருந்து ஆரம்பிச்சதுலருந்து கறியே தொடறதில்லீன்னு என்ற தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனீங்களே மாமா?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். ஹாரூன் வாய்விட்டுச் சிரித்தான். ஜெயசீலிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு முடியைப் பிடுங்கினால் ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைகள் வெளியே வருகின்றன. நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் கேட்பான், சம்பளம் கொடுப்பவன் கேட்பான், சம்பந்தம் பேச வருபவர்களும் கேட்பார்கள். "மஞ்சளைத் தவிர எல்லாத்தையும் அழிச்சுரு மக்ளே" என்றார். "நமக்கு அது வேண்டாம். எவனுக்கும் வேண்டாம்."

கவிநிலா அழித்தாள். மஞ்சள் மட்டும் நின்றது. முடியின் வேரிலிருந்து நுனி நோக்கி, ஒரே சீராக ஓடியது. நடுவில் ஓரிடத்தில் அறுந்து மறுபடி தொடர்ந்தது.

அவள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். வெள்ளை அங்கேயேதான் இருந்தது. அளந்து பார்த்தாள். ஏறக்குறைய அதே ஆயுத பூசை சமயம்.

மெஷின் கோளாறுதான். நிற்காத பம்ப்பிலும் வெள்ளை வருகிறது என்றால் பல்லில் வந்த வெள்ளைக்கு அர்த்தமே இல்லை. பொட்டு, வாட்ச்மேன் எல்லாம் வெறும் கதை. நாளைக் காலை ஏழாவதை வெட்டுவார்கள், ஈரல் மஞ்சளாக வரும், அதோடு சரி. காலையிலிருந்து குதித்த குதியெல்லாம் நெஞ்சில் கல்லாக வந்து உட்கார்ந்தது. அவள் நாற்காலியில் சரிந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மிணி," என்றார் சென்னியப்பன். "நீங்க ஏனுங்க அழுகறீங்க? மெஷின் மேல தப்பில்லீங்க."

அவள் நிமிர்ந்தாள்.

"நானும் பொட்டு வெச்சனுங்க."

"எதுக்கு?"

அவர் சட்டையைத் தூக்கினார். இடுப்புப் பம்பின் முகப்பில், சின்னக் கண்ணாடி வட்டத்தைச் சுற்றியிருந்த இடுக்கில், காய்ந்த சந்தனம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"லேத்துக்கு வெச்சேன், டிரில்லிங் மெஷினுக்கு வெச்சேன், இவ வண்டிக்கு வெச்சேன். இதுவும் மெஷின்தானுங்களே, இதுக்கு மட்டும் எப்புடிங்க வெக்காம உடறது? கொஞ்ச நேரம் துடிச்சுது, அப்பறம் கம்முன்னு ஆயிருச்சு. அன்னைக்கு எந்த மெஷினும் ஓடக் கூடாதில்லீங்க, அதுவா நின்னுக்குச்சு, நல்லதுதான்னு இருந்துட்டேன். மறுநாள் தொடைச்சேன், ஓடுச்சு. சொன்னா மருந்தை நிறுத்திப்போடுவீங்கன்னு..."

கவிநிலா எழுந்து நின்றதே அவளுக்குத் தெரியாது. "அண்ணா. உங்க கை? உங்க கை எப்படி இருக்குதுங்க?"

அவர், காலையில் தொடைக்கு அடியில் மறைத்து வைத்திருந்த கைகளை எல்லோருக்கும் முன்னால் நீட்டினார். விரல்களை மெல்ல மடக்கி விரித்தார்.

"தீபாவளிக்குப் பின்னால டீ டம்ளர் சூடு தெரிஞ்சுதுங்க. பொய்யா இருக்கும்னு நெனச்சேன். வெளிய சொன்னா போயிருமோன்னு பயம். இவகிட்டக்கூடச் சொல்லல."

"கறியும் சொல்லல, இதுவும் சொல்லல!" என்று அவர் தோளில் ஓங்கி அடித்த சுகன்யா, அடித்த கையாலேயே அவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஜெயசீலி அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பக்கத்துக் கட்டிடத்துக்கு நரம்புச் சோதனைக்குக் கூட்டிப் போனார். மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள்; மழையில் குடை எடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது ஐந்து பேரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். ஜெயசீலி வாங்கிவந்த முடிவுத் தாள் மட்டும் நனையாமல் ரவிக்கைக்குள் இருந்தது. விரல்களுக்குப் போகும் நரம்பில் வேகம் கூடியிருந்தது. கொஞ்சம்தான். ஆனால் வருடக்கணக்கில் இறங்கியே பழக்கப்பட்ட அந்த எண் முதல் முறையாக ஏறியிருந்தது.

தலைமையகத்தில் நெடுநேரம் கூடிப் பேசினார்கள். கவிநிலாவுக்கு ஒரு கண்டனம் உண்டு என்றார்கள். அவள் தலையாட்டினாள். பம்பை எப்போது, எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்று மூன்று நாடுகளிலும் புதிதாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கும் தலையாட்டினாள். பிறகு ஒருங்கிணைப்பாளர் அம்மாள் சொன்னார்: ஒரே மூலத்திலிருந்து இரண்டு சாட்சி என்பது விதி. முதல் சாட்சி ஆறாவது எலி. இரண்டாவது சாட்சியாக அந்த மூலமே வந்து நிற்கும்போது ஏழாவதை வெட்டத் தேவையில்லை. சிகிச்சை தொடரட்டும்.

ஹாரூன் குல்லாயைச் சுழற்றியதில் அது விளக்கில் போய் மாட்டிக்கொண்டது.

"பங்காளிய ஒருக்கா பாக்கலாமுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

விதிப்படி முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிவிட்டு அழைத்துப் போனார்கள். ஏழாவது எலி கூண்டின் மூலையில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அதன் பம்பின் ஓரத்தில் குங்குமம் லேசாகத் தெரிந்தது. சென்னியப்பன் குனிந்து பார்த்தார். "நாளைக்கு உனக்கு முழுக வேண்டியதில்லடா" என்று சொல்லி, கம்பியின் மேல் ஒரு விரலை வைத்தார். எலி எழுந்து வந்தது. முகர்ந்தது. கையுறையோடு சேர்த்து நறுக்கென்று கடித்தது.

"ஆ!" என்று கத்திவிட்டுக் கையை உதறினார் சென்னியப்பன்.

எல்லோரும் பதறினார்கள். அவர் விரலைத் தூக்கிப் பிடித்து வெறித்துப் பார்த்தார். கையுறையில் ஊசித்துளை அளவு கிழிசல், அதன் வழியே ஒரு சொட்டு ரத்தம். பார்க்கப் பார்க்க அவர் முகம் விரிந்தது.

"வலிக்குது சுகன்யா" என்றார். அப்புறம் கட்டிடமே கேட்கும்படி, "அம்மிணி, வலிக்குதுங்க!" என்று சிரித்துக்கொண்டே கத்தினார்.